ஒளிரும் உலோகச் சேர்மங்கள்: உணரிக்கு எதைத் தேர்வது?

உணரி செய்ய முனைவோர் பலரும் பிரகாசத்தைப் பார்த்தே உலோகத்தைத் தேர்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஒளிர்வு எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதைத்தான்.

மூன்று பைபிரிடின் ஈனிகள் (உலோகத்தோடு பிணைந்து நிற்கும் மூலக்கூறுகள்) சூழ்ந்த ரூத்தேனியம் 450 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கிக்கொண்டு, 620 அருகே ஆரஞ்சுச் சிவப்பில் ஒளிர்கிறது. தயாரிப்பதும் எளிது. ஆனால் ஆக்ஸிஜன் நீக்கிய நீரிலேயே அதன் ஒளிர்வு வாழ்நாள் சுமார் 600 நானோநொடிதான். ஆக்ஸிஜன் மோதினால் ஒளிர்வு அணையும்; அதை வைத்துத்தான் ஆக்ஸிஜனை அளக்கிறோம். இங்கே அது வந்து மோத அவகாசம் குறைவு. டைபீனைல்பினாந்த்ரோலின் ஈனிக்கு மாறினால் வாழ்நாள் சில மைக்ரோநொடிகளாக நீளும். வெப்பம் ஏறினாலும் ஒளிர்வு குன்றிவிடுவதால், கூடவே வெப்பமானி ஒன்றும் வேண்டும்.

ஆக்ஸிஜனை அளப்பதுதான் நோக்கம் என்றால் தயங்காமல் பிளாட்டினம் போர்பிரின் (வளைய வடிவ ஈனியின் நடுவே பிளாட்டினம்) என்பேன். அதைக் கலந்த பாலிஸ்டைரீன் படலத்தை நைட்ரஜனில் வைத்துப் பச்சை ஒளி பாய்ச்சினால், 650 நானோமீட்டர் அருகே அடர்சிவப்பாக மின்னும். காற்றைத் திறந்துவிட்டால் கண்ணெதிரே மங்கும். மீண்டும் நைட்ரஜன், மீண்டும் சிவப்பு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. பல பத்து மைக்ரோநொடி வாழ்நாளே இதற்குக் காரணம். ஈனியில் மட்டும் கவனம் வேண்டும்: எத்தில் தொகுதிகள் கொண்ட வகை வெளிச்சத்திலேயே சிதையும். ஃபுளோரின் ஏற்றிய பீனைல் வகையில் வளையத்தின் எலக்ட்ரான் செறிவு குறைவதால் அது நெடுநாள் தாங்கும்.

இரிடியத்தின் பலம் நிறம். ஈனியை மாற்றி நீலம் முதல் சிவப்பு வரை பெறலாம்.

யூரோப்பியத்தின் போக்கே வேறு. அதன் அயனி தானாக ஒளியை உறிஞ்சுவது மிகக் குறைவு. அருகில் உள்ள ஈனிதான் ஆண்டெனாபோல் புறஊதாவை வாங்கிக் கொடுக்கிறது. உலோகத்தோடு ஒட்டிய நீர் மூலக்கூறுகள் அந்த ஆற்றலைத் தங்கள் அதிர்வில் கரைத்துவிடுகின்றன. இந்தக் குறையையே உணரியாக்கலாம். யூரோப்பியத்தைச் சுற்றியுள்ள ஒன்பது பிணைப்பிடங்களில் ஏழை ஈனி பிடித்துக்கொண்டால், இரண்டு நீருக்கு இடம் மிஞ்சும். பைகார்பனேட் வந்து அந்த நீரைத் தள்ளியதும் 615 நானோமீட்டர் சிவப்பு ஓங்கும். 590 பட்டையோ சூழல் மாறினாலும் பெரிதாக அசையாது. இரண்டின் விகிதத்தை எடுத்தால் யூரோப்பியச் சேர்மத்தின் செறிவு, விளக்கின் ஏற்றத்தாழ்வு எதுவும் கணக்கைக் கெடுக்காது. வாழ்நாள் மில்லிநொடி அளவில் இருப்பதால், உயிரணுவின் சொந்த ஒளிர்வு சில நானோநொடிகளில் அடங்கியபின் நிதானமாக அளக்கலாம்.

எனக்கு யூரோப்பியத்தின் மேல்தான் மோகம். ஆனாலும் பைகார்பனேட்டுக்கென்று ஒழித்துவைத்த இடத்தில் லாக்டேட்டும் வந்து உட்காரும். ஈனியின் கைகளில் மின்னூட்டத்தையும் பருமனையும் மாற்றி மாற்றி அதைத் தடுப்பதில்தான் வடிவமைப்பின் பெரும்பகுதி உழைப்பும் போகிறது.