வெள்ளவத்தை கார்கோ கடை: கட்டுவதில் கெட்டி, கொண்டுபோய்க் கொடுப்பதில் சறுக்கல்

தங்கச்சியின் கணவர் பிரிட்டிஷ் ஆமியில் இருக்கிறார். யோர்க்‌ஷயரில் கட்டரிக் முகாமில் குடும்ப வீடு கிடைத்ததும், அவளையும் பிள்ளையையும் சாமானோடு அனுப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் உள்ள கார்கோ கடை ஒன்றில் கொடுத்தோம். (தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் ஆமிக் குடும்பம் என்றால் எதிரே இருப்பவரின் முகம் ஒரு கணம் இறுகும். எந்த நாட்டு ஆமி என்று முதலே சொல்லிவிடுங்கள்.)

கடைக்கார அண்ணா எடுத்தவுடன் விலை சொல்லவில்லை. எல்லாவற்றையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னார், பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பினார். கப்பலில் இவர்கள் பெட்டி பிடிக்கும் இடத்துக்குத்தான் காசு எடுக்கிறார்கள், நிறைக்கு இல்லை. அதனால் அம்மி, இடியப்ப உரல், பிள்ளையின் புத்தகங்கள் எல்லாம் கப்பலுக்கு. தலையணையும் கம்பளியும் அங்கே போய் வாங்குங்கள், காற்றுக்கு ஏன் காசு கட்டுகிறீர்கள் என்றார். மிக்சியையும் தயங்காமல் போடலாம், இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான், அந்த 13 ஆம்பியர் சதுர முள் பிளக்கும் அப்படியே பொருந்தும். நெய்ப் போத்தலை அவரே வெளியே எடுத்து வைத்தார், பால் சாமான் போகாது.

எனக்குப் பிடித்தது சுங்க விஷயத்தில் அவர் மழுப்பாததுதான். குடிபெயர்ந்து போகிறவர்கள் ஆறு மாதமாவது பாவித்த சாமானுக்கு அங்கே வரி கட்டத் தேவையில்லை, ஆனால் பிரிட்டிஷ் சுங்கத்துக்கு டி.ஓ.ஆர்.1 (ToR1) என்ற குடிபெயர்வு விண்ணப்பத்தைப் போட்டு முதலே அனுமதி எண் எடுக்க வேண்டும். புறக்கோட்டையில் போன கிழமை வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருக்கிற குக்கருக்கு அந்தச் சலுகை இல்லை. வேறு இடங்களில் கேட்டால் "அதெல்லாம் பிரச்சினை இல்லை அக்கா" என்றுதான் பதில் வரும்.

கட்டுவதும் சுத்தம். அம்மிக்கு மரப்பெட்டி அடித்தார்கள், பலகையில் அந்தக் கோதுமைக்கதிர் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிக் காட்டினார்கள். பூச்சி நீக்கிய மரம் என்பதற்கு அதுதான் அடையாளம், இல்லாவிட்டால் துறைமுகத்தில் மறிப்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர், உள்ளே என்ன என்று பட்டியல். இந்தப் பட்டியலைத் தங்கச்சி பத்திரமாக வைத்திருக்கிறாள், அடுத்த போஸ்டிங் வந்தால் மறுபடியும் கட்டத்தானே வேண்டும்.

சரி, குறை. அந்தப் பக்கம் டெலிவரி செய்வது வேறு கம்பனி. வீடு முகாம் வேலிக்குள்ளே, வாசலில் முன்கூட்டியே லொறி நம்பர் கொடுக்காமல் விடமாட்டார்கள் என்று இங்கே எழுதியே கொடுத்திருந்தேன். ட்ரைவர் சொல்லாமல் வந்து, வாசலோடு திரும்பிப் போய், சாமான் டிப்போவில் கிடந்தது. இரண்டாம் முறை கொண்டுவரக் காசு கேட்டார்கள். அண்ணாவிடம் கத்தினேன், அவர் பேசிப் பாதியைக் குறைத்தார், முழுதாக இல்லை.

விலை மலிவில்லை, பேரம் பேசினால் கொஞ்சம் இறங்குவார். முகாம் விலாசத்துக்கு அனுப்புகிறவர்கள், வருவதற்கு முதல்நாள் போன் எடுப்பது யார் பொறுப்பு, திரும்பிப் போனால் செலவு யாருடையது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.