சோயா மாத்திரையா, மீல் மேக்கரா? பீரியட்ஸ் நின்ன சுகர்காரங்களுக்கு எது?

எங்க அம்மாக்கு சுகர், பீரியட்ஸும் நின்னு போச்சு, யாரோ சொன்னாங்கன்னு ஐசோஃப்ளேவோன் (சோயால இருக்குற, பெண் ஹார்மோன் மாதிரி லேசா வேலை செய்யுற பொருள்) மாத்திரை வாங்கவான்னு கேட்டாங்க, அதனால உக்காந்து படிச்சேன்.

சுகர்: இங்கிலாந்துல ஹல் நகரத்துல இதே மாதிரி பெண்களை வச்சே ரெண்டு ஆய்வு பண்ணிருக்காங்க. 2002ல வந்ததுல தினம் 30 கிராம் சோயா புரோட்டீன் கூட 132 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன், 12 வாரம். இன்சுலின் அளவு, மூணு மாச சுகர், கெட்ட கொழுப்பு மூணுமே கொஞ்சம் குறைஞ்சுது. 2007ல அதே 132 மில்லிகிராமை புரோட்டீன் இல்லாம தனியா குடுத்தாங்க, பெருசா ஒண்ணும் மாறல. எனக்கு இதுதான் முக்கியமா பட்டுச்சு.

செலவு: மாத்திரை மாசாமாசம் பட்ஜெட்ல நிக்கும். மீல் மேக்கர் மளிகை சாமானோட முடிஞ்சிடும், 50 கிராம்லயே 25 கிராம் கிட்ட புரோட்டீன்.

ஈஸி: மாத்திரைதான். மீல் மேக்கரை வெந்நீர்ல ஊற வச்சு, நுரைத்தண்ணி போற வரைக்கும் ரெண்டு தடவை பிழியணும், இல்லன்னா அந்த பச்சை வாடை குருமால அப்படியே நிக்கும்.

சுகருக்காகன்னா சாதத்தைக் குறைச்சு அந்த இடத்துல மீல் மேக்கர் வைங்க. உடம்பு திடீர்னு சூடாகி வேர்க்குற தொல்லைக்குன்னா மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட பேசலாம், மார்பக கேன்சர் வந்தவங்க கேக்காம தொடவே வேணாம். தைராய்டு மாத்திரை போடுறவங்க ரெண்டையுமே அதுலேர்ந்து நாலு மணி நேரம் தள்ளி எடுங்க ப்ளீஸ், அம்மாக்கும் இதைத்தான் சொல்லிருக்கேன்.