மூன்று வருடமாகப் பக்கத்தில் இருக்கும் போர்த்துகீசிய அட்டைக்கட்டு

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தில் போன்ஃபின் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் மூன்று வருடமாக இருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. கணினி வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும், எழுபதைத் தாண்டிய அக்கம்பக்கத்தார் போனைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு உதவுவதற்காகவே கொஞ்சம் போர்த்துகீசியம் படித்தேன். அந்த அனுபவம்தான் இது.

முதலில் பிரபலமான ஒரு செயலிக்குச் சந்தா கட்டினேன். அது சொல்லித் தந்தது பிரேசில் வழக்கு. அதை நம்பி, முதல் மாடிப் பாட்டியிடம் கடவுச்சொல்லைக் கேட்க "சென்யா?" என்றேன். அவர் கைப்பையைத் துழாவி, மருத்துவ மையத்தில் எடுத்த வரிசை எண் சீட்டை நீட்டினார். இங்கே சென்யா என்றதும் அவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். கடவுச்சொல்லுக்கு 'பலவ்ரா பாஸ்' என்று கேட்க வேண்டும். கைபேசி அங்கே செலுலார், இங்கே டெலெமோவெல். திரை அங்கே டெலா, இங்கே எக்ரான். ஆறு மாதக் காசு போனது போனதுதான்.

அப்புறம் இரண்டு காரியம் செய்தேன். என் போனின் மொழியை ஐரோப்பியப் போர்த்துகீசியத்துக்கு மாற்றினேன். காதில் விழும் வாக்கியங்களை, மறக்காதபடி திரும்பத் திரும்பக் கேட்டு நினைவூட்டும் அங்கி (Anki) என்ற செயலியில் அட்டைகளாகப் போட்டேன். மெனுவில் இருக்கும் சொற்கள் ஒரே மாதத்தில் தானாக ஒட்டிக்கொண்டன.

படுத்தியதெல்லாம் வினைச்சொற்கள். 'கர்ரெகார்' என்றால் அழுத்துவது. சார்ஜ் போடுவதும் அதுதான், ரீசார்ஜ் செய்வதும் அதுதான். ஒருமுறை போனில் "கர்ரெக்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பாட்டி போய் சார்ஜரைச் செருகிவிட்டு அவரும் காத்திருந்தார். இப்போது "புதாவ்ன்" என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுகிறேன். அது வேறொன்றுமில்லை, நம் பொத்தான்தான். ஜன்னலும் சாவியும் இவர்களிடமிருந்து வந்தவையே. 2014-இல் வந்த அரசு மின்னடையாளத்துக்குப் பெயரே 'ஷாவ் மோவெல் டிஜிடால்'. ஷாவ் என்றால் சாவி. ஏப்ரல் முதல் ஜூன் வரை வருமான வரிக் கணக்கு காட்டும் காலம். அந்தச் சாவியின் பின் நம்பரை மறந்தவர்கள் வரிசையாக மாடியேறி வருவார்கள்.

'பூஷ்' என்றால் இழு. மூன்று வருடம் ஆகியும் கடைக் கதவில் அதைப் பார்த்தால் என் கை தள்ளத்தான் போகிறது.

மரியாதை இன்னொரு சிக்கல். செயலி சொல்லித் தந்த 'வொசே', இங்கே பெரியவர்களிடம் நம் ஊர் 'நீர்' மாதிரி கொஞ்சம் முரடாக ஒலிக்கும். பாட்டியின் மகள்தான் திருத்தினார். "அ சென்யோரா" என்று படர்க்கையில் பேச வேண்டும், 'அம்மா இங்கே அழுத்தட்டும்' என்பது போல. நமக்கு இது சுலபமாகவே வருகிறது.

அட்டைக்கட்டில் மிக அதிகம் உழைத்த வாக்கியம் "உ கி எ கி அபரேஸ்?" திரையில் என்ன தெரிகிறது என்ற கேள்வி. அதற்கு எப்போதும் முதலில் வரும் பதில் "நாவ்ன் மெஷி ஐன் நாதா", நான் எதையும் தொடவே இல்லை! திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் "ஷ்டா அ பென்சார்", யோசிக்கிறது என்பார்கள். எனக்கு மிகப் பிடித்த அட்டை அது. 'பூர்லா', அதாவது மோசடி, என்ற சொல்லை மட்டும் முதல் வாரத்திலேயே படித்திருக்க வேண்டும். "அம்மா, என் நம்பர் மாறிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் பிள்ளைபோல எழுதிப் பணம் கேட்கும் தந்திரம் இங்கே சகஜம். பாட்டிக்கு அது வந்தபோது, அனுப்பாதீர்கள் என்று சொல்லவே தடுமாறினேன்.

இன்னும் தேறாதது தொலைபேசிப் பேச்சு. இவர்கள் உயிரெழுத்துகளை விழுங்குகிறார்கள். வடக்குப் பக்கம் என்பதால் 'வ' எல்லாம் 'ப' ஆகிவிடும். பார்க்கிறேன் என்பதற்கான "வோ வேர்", "போ பேர்" என்று வரும். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்வேன். மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருக்கும். "ஜா வோ அயி", இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கிவிடுவேன்.