அம்லோடிபினா, டெல்மிசார்டனா?

பிரஷர் மாத்திரை புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. அழுத்தத்தைக் குறைக்கும் வேலையில் இரண்டும் ஏறக்குறைய சமம். எழுதிக் கொடுத்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சிகிச்சை முறையில் முதல் படி அம்லோடிபின் 5 மி.கி. அதில் 140/90-க்குக் கீழே வராவிட்டால், சில மாநிலங்களின் முறையில் டெல்மிசார்டன் 40 மி.கி. சேரும். இந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது. அம்லோடிபின் தொடங்க ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உடம்பில் நெடுநேரம் தங்குவதால், ஒரு வேளை மறந்தாலும் அழுத்தம் சட்டென்று எகிறாது. லேப் வசதி குறைந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இது பெரிய விஷயம்.

அதன் குறை கால் வீக்கம். டோஸ் கூடினால் வீக்கமும் கூடும். என் அம்மாவுக்கு 5-ஐ 10 ஆக்கிய சில வாரங்களில், சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே நின்றது. காட்டிய இடத்தில் நீர் பிரியும் மாத்திரை ஒன்று சேர்த்தார்கள். வீக்கம் வற்றவில்லை, எழுந்தால் தலை சுற்றியது. இந்த வீக்கம் உடம்பில் நீர் மிஞ்சி வருவதில்லை. நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வருவது. இதயம், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அம்லோடிபினைக் குறைப்பதுதான் முறை. இன்னொரு மருத்துவர் அதை மறுபடி 5 ஆக்கி, நீர் மாத்திரையை நிறுத்தி, டெல்மிசார்டன் சேர்த்தார். தடம் மறைந்தது. டெல்மிசார்டன் சேரும்போது அந்தக் கசிவும் குறையும்.

சர்க்கரை நோயோடு சிறுநீரில் புரதமும் போகிறவருக்கு நான் டெல்மிசார்டன் பக்கம்தான். சிறுநீரகத்துக்கு அது பாதுகாப்பு. ஆனால் தொடங்குமுன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து மறுபடியும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது; பிள்ளை பெறும் வயதுப் பெண்ணிடம் கேட்காமல் எழுதுவது தவறு. இதே வேலையை வேறு வழியில் செய்யும் எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். எனலாப்ரிலையும் டெல்மிசார்டனையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இந்த வகை மருந்து இரண்டைச் சேர்த்தால் பலன் கூடவில்லை, சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது என்று 2008-லேயே ஆன்டார்கெட் ஆய்வு காட்டிவிட்டது.



அப்புறம் மூட்டு வலி மாத்திரை. டெல்மிசார்டன், நீர் மாத்திரை, டைக்ளோஃபெனாக் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். அம்மாவின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தபோது, மெடிக்கலில் தானாக வாங்கிய டைக்ளோஃபெனாக் அட்டை ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. அதுவரை எந்த மருத்துவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.