ஹட்டன் மழையில் மொரிஸ் மைனர்: வீட்டில் மாற்றிய தகடுகளின் இன்றைய நிலை

எங்கள் மொரிஸ் மைனர் 1000 காரின் துருப்பிடித்த பகுதிகளை, இலங்கை மலையகத்தின் ஹட்டனில் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் வைத்து வெட்டியெடுத்துப் புதுத் தகடு பொருத்திப் பல மழைக்காலங்கள் கடந்துவிட்டன. மே முதல் செப்டெம்பர் வரை நீளும் தென்மேற்குப் பருவமழையிலும், அது ஓய்ந்த பின் இறங்கும் பனிமூட்டத்திலும் நாள்தோறும் ஓடும் கார் என்பதால், எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதை இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

இந்தக் காருக்குத் தனியான சேசி, அதாவது அடிச்சட்டம், இல்லை. தளமும், கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ‘சில்’ (sill) எனும் தகட்டுச் சட்டமும் சேர்ந்தே பாரத்தைச் சுமக்கின்றன. மட்கார்ட்கள் நான்கும் போல்ட்டில் நிற்பவை ஆகையால் அவற்றை மாற்றுவது எளிது. முன் சக்கரங்களைத் தாங்கும் டோர்ஷன் பாரின் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டின்) பின்முனை பிணைந்திருக்கும் குறுக்குச் சட்டமும், பின் ஸ்பிரிங் தாங்கிகளும், சில்லின் உட்சுவரும் அப்படியல்ல. அவை இற்றுப்போயிருக்கையில் மேலே புட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது, காரில் ஏறுபவர்களின் உயிரோடு விளையாடுவதாகும். தகடு கிடைக்காது என்று தயங்கவும் தேவையில்லை. பிரித்தானியாவில் இந்தக் காரை வைத்திருப்போருக்காகவே காலி நகரில் தகடுகள் அடித்து ஏற்றுமதி செய்த நாடு இது.

சில்லை வெட்டுமுன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து இறுக்கி, ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டோம். தவறினால் உடல் வளைந்து கதவு பொருந்தாமற் போய்விடும். பின்பகுதியில் வெல்டிங் செய்யுமுன், டிக்கித் தளத்தின் கீழுள்ள பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைப்பது கட்டாயம். 0.6 மில்லிமீற்றர் கம்பியுடன் மிக் வெல்டிங் (வாயுவின் மறைப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் முறை) இந்த மெல்லிய தகட்டுக்கு ஏற்றது. சூடு ஒரே இடத்தில் சேர்ந்து தகடு நெளியாதிருக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு சிறு புள்ளிகளாக ஒட்ட வேண்டும். மலைக்காற்று வெல்டிங் வாயுவைக் கலைத்துவிட்டால் ஒட்டு முழுவதும் நுண்துளைகள் விழும் என்பதால், கொட்டகையின் காற்று வரும் பக்கத்தைப் படங்கால் மறைத்தோம். இங்குள்ள ஈரத்தில், மாலையில் தேய்த்துச் சுத்தமாக்கிய தகட்டில் விடிவதற்குள் செம்மை படர்ந்துவிடும். ஆகவே அன்றன்று தேய்த்த இடத்துக்கு அன்றே பிரைமர் அடித்தாக வேண்டும்.

இன்று சில்லின் உட்புறத்தைச் சிறு கமராவை விட்டுப் பார்த்தாலும் துரு தென்படவில்லை. உள்ளே மெழுகு பீச்சியதும், அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை அடைபடாமல் காத்ததுமே இதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். வெளிப்பெயின்ட் எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்த வேலையைச் செய்யாது. முன் மட்கார்டின் உள்ளே, சக்கரத்துக்குப் பின்புறம் தோட்டப் பாதையின் செம்மண் அப்பிக்கொள்கிறது. அதைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவி வருவதால் அந்த இடமும் நன்றாகவே இருக்கிறது.

மீண்டும் துரு தலைகாட்டிய ஒரே இடம், பின் மட்கார்டும் உடலும் சேரும் இடுக்கு. அங்கே இடுக்கை மூடச் செருகப்படும் பைப்பிங் எனும் பட்டையின் பின்னால் நீர் தேங்கி, போல்ட் துளைகளைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. தகடு இன்னும் உறுதியாக இருப்பதால் வெட்ட வேண்டியதில்லை. மழை விட்டதும் மட்கார்டைக் கழற்றி, துருவை வெள்ளையிரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் காய்ந்த பின் புதிய பைப்பிங்கின் இருபுறமும் மெழுகு தடவிப் பூட்டப் போகிறோம்.