டியூஷன் கோரஸ், ஃப்ளாஷ் கார்டு, ஃபோனிக்ஸ்: ரங்கூன் வீட்டுக்கு எது சரிப்படும்?

ரங்கூன்ல நம்ம புள்ளைங்க பள்ளிக்கூடத்துல பர்மியம், கோயில் வகுப்புல தமிழ், கூடவே ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து இங்கிலீஷ்னு மூணு எழுத்தோட மல்லுக்கட்டணும். இதுல இங்கிலீஷ்தான் பெரிய தகராறு, 26 எழுத்தை வச்சுக்கிட்டு 44 ஒலி கிட்ட ஓட்டுற பாஷை அது. அதைப் படிக்கச் சொல்லிக்குடுக்க மூணு வழியை இங்க ஒப்பிட்டுப் பாப்போம்.

டியூஷன் வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். க-ஜீ, க-க்வேன்னு பர்மிய எழுத்தைப் பாடுற மாதிரியே "சி ஏ டி கேட் (cat)"னு கோரஸா கத்துறது. டிக்டேஷன்ல மார்க் வரும், செலவில்ல, கரண்ட் போனாலும் நடக்கும் (நம்ம ஊருல இது சின்ன விஷயமா?). ஆனா சி, ஏ, டி மூணையும் சேத்துச் சொன்னா சியேட்டினுதானே வரும், கேட் எங்க இருந்து வரும்? அதனால பாடம் பண்ணாத வார்த்தையைக் காட்டினா புள்ள முழிக்கும்.

ஃப்ளாஷ் கார்டு பாக்க ஜோரா இருக்கும். கார்டுக்கு ஒரு வார்த்தை எழுதி, எழுத்துக்கூட்டாம பாத்த உடனே சொல்லணும். அடிக்கடி வர்ற வார்த்தைங்களைத் தொகுத்த டால்ச் லிஸ்ட்ல 220 இருக்கு. சொந்தக்காரங்க முன்னாடி சொல்ல வச்சுக் காட்ட நல்லாருக்கும், ஆனா வடிவத்தைப் பாத்து ஊகிக்கிற பழக்கம் வந்துடும், ஹவுஸை ஹார்ஸ்னு படிக்கும்.

ஃபோனிக்ஸ்ல எழுத்தோட பேரு அப்புறம்தான், மொதல்ல ஒலி. ஜாலி ஃபோனிக்ஸ்ங்கிற பாடத்திட்டத்துல மொத்தம் 42 ஒலி, மொத செட்டு எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n). இந்த ஆறு தெரிஞ்சாலே பின், டின், நாப்னு புள்ள தானா சேத்துப் படிக்கும். படிக்கச் சொல்லிக்குடுக்கிற முறைகளை ஆராய்ஞ்ச அமெரிக்க நேஷனல் ரீடிங் பேனல் குழு 2000-ல வெளியிட்ட அறிக்கையும் முறையா ஃபோனிக்ஸ் சொல்லிக்குடுத்தா நல்ல பலன் இருக்குன்னுதான் சொல்லுச்சு. படிக்க ஆரம்பிக்கிறதுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

ஆனா இதுல கவனிக்க வேண்டியது நம்ம வாயை. தமிழ் வாய் கடைசில ஒரு உ-வை ஒட்டிடும், பஸ்ஸு, கேட்டுன்னு. பர்மிய வாய் நேர் எதிர், கடைசி ஒலியைத் தொண்டையிலயே முழுங்கிடும், எழுத்துல த் இருந்தாலும் ப் இருந்தாலும் ஒரே மாதிரிதான் நிக்கும், அதனால கேட்டும் (cat) கேப்பும் (cap) ஒண்ணாயிடும். நம்ம புள்ளைங்களுக்கு ரெண்டு வாயும் இருக்கே! கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, கேப்புக்கு உதடு மூடுது, கேட்டுக்கு மூடலன்னு காட்டுங்க. நீங்களும் ஸு, மு-ன்னு சொல்லாம ஸ்ஸ்ஸ், ம்ம்ம்னு இழுங்க. இங்கிலீஷுக்குக் கீழ தமிழ்ல எழுதிக்குடுக்கிறதை தயவுசெஞ்சு விட்டுடுங்க, பின்னுக்கும் (pin) பிக்குக்கும் (big) நம்மகிட்ட ஒரே ப-தான். பர்மியத்துல அந்த ரெண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருக்கு, தேங்க்ஸோட மொத ஒலிக்குக்கூட இருக்கு, அதைத் தொட்டுக் காட்டினா புள்ள சட்டுனு புடிச்சுக்கும்.

ஸ்பெல்லிங்னு வந்தா கதை வேற. ரெயின், டே, கேக் மூணுலயும் ஒரே ஒலி, எழுதுறது மூணு விதம், எதுக்கு எதுன்னு ஒலி மட்டும் சொல்லிடாது. அங்க டியூஷன் கோரஸ் உதவும், பழசுன்னு தூக்கிப் போட வேணாம். ஃப்ளாஷ் கார்டை வாஸ் (was), செட் (said) மாதிரி ஒலிக்கு அடங்காத வார்த்தைக்கு மட்டும் வச்சுக்கலாம்.

புள்ள நெஜமாவே படிக்குதா, ஒப்பிக்குதான்னு சந்தேகம் வந்தா அர்த்தமே இல்லாத வார்த்தையா நாலு எழுதிக் குடுங்க, பிம் (pim), வாப் (vap)னு. இங்கிலாந்துல ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு 2012-ல இருந்து வைக்கிற ஃபோனிக்ஸ் பரீட்சையிலயும் 40 வார்த்தைல 20 இப்படி இட்டுக்கட்டினதுதான்.