கணினி ஆன் ஆக லேட் ஆகிறதா? தேடிப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் – என் அரை மாதச் சம்பளம் போனது இப்படித்தான்

பணம் திரும்ப வராது என்று இன்று காலை மின்னஞ்சலில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது அரை மாதச் சம்பளம். வாங்கியது, இணையத்தில் விளம்பரம் போட்டு, நம் கணினிக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து "வேகமாக்கித் தரும்" ஒரு சேவை. பெயர் போடவில்லை. பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள், வித்தை மாறாது. அதனால் வித்தையைச் சொல்கிறேன்.

வீட்டுக் கணினி, பழசு. பட்டனை அழுத்தினால் திரை வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வந்த பிறகும் பிரவுசர் திறக்காது, மவுஸ் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தேடியபோது மேலே நின்ற விளம்பரம் 'இலவசப் பரிசோதனை'. முதல் திரையிலேயே கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா? அடிக்கடி உறைகிறதா? மெதுவாக இருப்பதால்தானே வந்திருக்கிறேன்? டிக் போட்டேன். ஏதோ ஓடியது, சிவப்பில் 'ஆபத்து' என்று முடிந்தது, கீழே ஒரு போன் நம்பர்.

இது பழைய தந்திரம் என்று இப்போதுதான் படித்தேன். அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத்தொடரும் அதன் மென்பொருள் கூட்டாளியும் இதே மாதிரி ஒன்றுக்காக 2019-ல் அந்நாட்டு வணிக ஆணையமான எஃப்டிசியிடம் சிக்கி, இரண்டும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டிருக்கின்றன. தொடக்கத்தில் நான்கு கேள்வி. எதற்காவது டிக் போட்டால் போதும், ஸ்கேன் எதைக் கண்டாலும் காணாவிட்டாலும் மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள் இருப்பதற்கான அறிகுறி தெரிவதாக முடிவு வரும். காய்ச்சலா என்று நோயாளியிடமே கேட்டுவிட்டு அதையே ரத்தப் பரிசோதனை முடிவாக அச்சடித்துக் கொடுப்பது போல.

போனில் வந்தவர் அவ்வளவு பணிவு. "அவசரமே இல்ல சார். பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். நான் காட்டுறத மொதல்ல நீங்களே பாருங்க." அவர் இடத்திலிருந்தே என் கணினியை இயக்க ஒரு ரிமோட் மென்பொருளை ஏற்றச் சொன்னார். கணினியில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தார், வரிசையாகச் சிவப்புக் குறிகள். "இத்தனை எரர வச்சுக்கிட்டு ஒரு சிஸ்டம் எப்படி சார் வேகமா ஸ்டார்ட் ஆகும்?" நன்றாக ஓடுகிற விண்டோஸ் எதைத் திறந்தாலும் அங்கே சிவப்பும் மஞ்சளும் இருக்கத்தான் செய்யும். அடுத்து ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைத் திறந்து, "எல்லாம் குப்பை சார்" என்று என் கண் முன்னாலேயே அழித்தார். அது குப்பையே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001-லிருந்து, அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் தானே எழுதி வைக்கும் குறிப்புகள் அவை.

இதற்கெல்லாம்கூட நான் அசையவில்லை. என்னை நம்ப வைத்தது கடைசியில் செய்ததுதான். ஏதேதோ தட்டிவிட்டு, திறந்திருந்ததையெல்லாம் மூடிவிட்டு, "ஸ்டார்ட் மெனுல போகாதீங்க சார், நேரா பவர் பட்டன அழுத்தி ஆஃப் பண்ணுங்க" என்றார். அழுத்தினேன். சத்தம் நின்றது. "இப்ப மறுபடி அழுத்துங்க." மூன்று நான்கு விநாடிதான், முழு டெஸ்க்டாப்பும் வந்து நின்றது. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. "அதையும் ஈஸி பண்ணிட்டேன் சார்" என்றார். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது? அரை மாதச் சம்பளத்தைக் கட்டினேன். 'வேலை திருப்தி' என்று வந்த கட்டத்திலும் ஓகே கொடுத்தேன்.

அதன் பிறகு விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்து தானாக ரீஸ்டார்ட் ஆனது. எழுந்துவர மூன்று நிமிடம். முன்பைவிட மோசம்.

கூப்பிட்டேன். "புது செட்டிங்ஸ் செட்டாக டைம் எடுக்கும் சார்." மறுபடி கூப்பிட்டபோது வேறொருவர்: "ரீஸ்டார்ட்ல அப்படித்தான் சார் இருக்கும், ஷட் டவுன்தான் கணக்கு." இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். விண்டோஸ் 8-லிருந்து இருக்கும், அடுத்த முறை சீக்கிரம் எழ வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஷட் டவுனுக்குப் பின் மட்டும்தான் உதவும், ரீஸ்டார்ட்டுக்கு உதவாது. அடுத்தவர் "உங்க ஹார்டுவேர் பழசு, பிரீமியம் பிளான் எடுங்க" என்றார். ஹார்டுவேர் பழசு என்பது பணம் வாங்கும்போது தெரியவில்லையா? பிறகு பாட்டு மட்டும்தான் கேட்டது. புகார் எண் கேட்டால் 'தீர்க்கப்பட்டது' என்று பதில் மெயில்.

என் தங்கை உட்கார்ந்து பார்த்தாள். பவர் ஆப்ஷன்ஸில் போனதும் சிரித்துவிட்டாள். பவர் பட்டனை அழுத்தினால் 'ஸ்லீப்' என்று மாற்றி வைத்திருக்கிறார்கள்! அது ஆஃப் ஆகவே இல்லை, தூங்கி எழுந்திருக்கிறது. அந்த மூன்று விநாடிக்குத்தான் அரை மாதச் சம்பளம்.

ஆதாரமும் கிடைத்தது, அதுவும் அவர் என்னைப் பயமுறுத்திய அதே ஈவன்ட் வியூவரில். டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரிவில், ஈவன்ட் எண் 100 என்று, கணினி எழ எடுத்த நேரத்தை மில்லிசெகண்டில் (ஆயிரம் சேர்ந்தால் ஒரு விநாடி) விண்டோஸே எழுதி வைக்கிறது. அவர்கள் கைவைக்கும் முன் 1,30,000-ஐ ஒட்டி இருந்தது, அப்டேட்டுக்குப் பின் 1,80,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த அதிசய நேரத்துக்கு மட்டும் பதிவே இல்லை. தூங்கி எழுந்ததற்கு எப்படி இருக்கும்?

கூடுதல் நேரத்துக்குக் காரணமும் அவர்கள்தான். எவையெல்லாம் ஓடுகின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில், கணினியோடு சேர்ந்து தானாக எழும் செயலிகளின் ஸ்டார்ட்அப் பட்டியலில் அவர்களுடைய 'கிளீனர்', 'பூஸ்டர்' எல்லாம் 'ஹை', அதாவது அதிகம் தாமதப்படுத்துபவை என்று நிற்கின்றன. ஏற்கெனவே இருந்த ஆன்ட்டிவைரஸுக்கு மேல் இன்னொன்றை ஏற்றி, ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் சோதிக்கின்றன. எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றைக் கலக்கியது, அந்த ரிமோட் மென்பொருள் கணினி எழும்போதெல்லாம் தானும் எழும்படி சர்வீஸாக, பின்னணியிலேயே ஓடும் நிரலாக உட்கார்ந்திருந்ததுதான்.

உண்மையான கோளாறு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். ஸ்டார்ட் ஆனதும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100%-இல் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பதில் சுழலும் பாகமே இல்லாத, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டியிருந்தால் அரை மாதச் சம்பளத்தில் மிச்சமே இருந்திருக்கும்.

இதையெல்லாம் படம் பிடித்து அனுப்பியதற்குத்தான் இன்று காலை பதில்: "திருப்தி என்று நீங்களே உறுதி செய்துள்ளீர்கள். பணம் திருப்பித் தர இயலாது." அந்த ஓகேவின் படத்தையும் இணைத்திருக்கிறார்கள்.

விரிவாக வழிமுறை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள், தெரிந்த, வேண்டாத செயலிகளை டிசேபிள் செய்யுங்கள், இலவசம். டிஸ்க் சத்தம் போட்டாலோ 100%-இலேயே நின்றாலோ முதலில் ஃபைல்களை வேறு இடத்தில் நகல் எடுங்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்தி எதிலும் போன் நம்பர் இருக்காது. விண்டோஸின் அமைப்புக் குறிப்புகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் பக்கமே போகாதீர்கள். யாராவது வேகமாக்கிக் காட்டினால், ஸ்டார்ட் மெனுவில் போய் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே உள்ளே விட்டிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு ரிமோட் மென்பொருளை நீக்குங்கள், பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள், கார்டை முடக்குங்கள். நான் கார்டை முடக்கியது இன்றுதான். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கப்படும்' என்று இருக்கிறது.